தேயிலையைத் தொடாத வண்டு

வேனில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றால், முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் அம்மாவின் தம்பி பெரியண்ணன் மாமா, மடியில் ஊதுபத்தியும் தேங்காயும் கோடித்துணியும் அடங்கிய பையுடன். பின்னால் ஆசனங்களைக் கழற்றிவிட்டு நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். அதன் தலைமாட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மா. இடது பக்கத்தில் அப்பாவின் தங்கை முத்துமாரி அத்தை. வலது பக்கத்தில், வளைவுகளில் பெட்டி நகராமல் முழங்காலால் முட்டுக் கொடுத்தபடி ஜீவராணி. தங்கை விஜயலெட்சுமி வேனில் ஏறவில்லை. மாசமாக இருக்கிறவள் பிணத்தோடு ஏறக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். அவள் பின்னால் ஒரு த்ரீவீலரில் வந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் சுரேஸ் காலையிலேயே முந்திக்கொண்டு போய், வீட்டில் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா ரெங்கசாமி அன்று விடியற்காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். மலர்ச்சாலையில் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்துத் தர மத்தியானம் ஆகிவிட்டது.

ஜீவராணிக்குப் பதுளையில் பூச்சிகளை ஆராய்கிற கூடமொன்றில் வேலை. புதிதாக ஒரு வண்டு கிடைத்தால் அதை விவரித்து எழுத ஒரு முறை உண்டு. தலையில் தொடங்க வேண்டும். பிறகு நெஞ்சு, பிறகு இறக்கை மூடி, கடைசியில் பின்பக்கச் சரிவு. நீளம், நிறம், மயிர், குழி. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. பல வருடப் பழக்கத்தில், இப்போது பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே தெரிந்த முகத்தையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி அகலம். நடுவில் பழைய வெட்டுத் தழும்பு. இடது புருவத்தில் வலதைவிட நரை அதிகம். மீசையை மலர்ச்சாலைக்காரன் வாரிவிட்டிருந்த திசை தவறு. அதற்கு மேல் அவளுக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

"தம்பி, பையப் போப்பா," என்றார் மாமா சாரதியிடம். "அத்தான் வேகமாப் போனா ஏசுவாரு."

"அவரு ஏசுறது எனக்குத் தெரியாதாங்க? நான் பஸ் ஓட்டுறப்ப கட்டைய ஏத்திக்கிட்டு வருவாரு. கண்டக்டர் கட்டைக்கும் டிக்கட் எடுக்கச் சொன்னான். 'டிக்கட் எடுக்கிறேன், கட்டைக்கு சீட் குடு'ன்னாரு. சொன்னபடியே ஒரு சீட்டுல கட்டைய உக்கார வச்சிட்டு இவரு நின்னுக்கிட்டே வந்தாரு, பதுள வரைக்கும்."

மாமா சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. முத்துமாரி அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

அந்தக் கட்டைகள் ஜீவராணிக்காக வந்தவை. அப்பா தோட்டத்தில் கவ்வாத்துக்காரராக இருந்தவர். தேயிலையை வெட்டிப் பதப்படுத்துவதும், நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பதும்தான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டு, சுற்றிலும் முள்முருங்கைக் கம்புகளை வேலியாக நட்டார். நட்டால் துளிர்க்காமல் போகாத மரம் அது. ஆனாலும் ஒரு கம்பு பட்டுப்போனது. தன் கையால் நட்ட கம்பு பட்டுப்போனதில் அவருக்கு மானம் போய்விட்டது. யாரும் பார்க்குமுன் அதைப் பிடுங்கி எறியப் போனபோது பட்டை கையோடு உரிந்து வந்தது.

"ராணி, இங்க வந்து பாரு. உள்ள எவனோ கோலம் போட்டிருக்கான்."

பட்டைக்கு அடியில், மரத்தின் மேல், நடுவே ஒரு கோடு நீளவாக்கில் ஓடியது. அதன் இரண்டு பக்கமும் விலா எலும்புகளாக மெல்லிய கோடுகள் பிரிந்து போயிருந்தன. நடுக்கோடு தாய் வண்டு குடைந்தது. பக்கக் கோடுகள் அதன் புழுக்கள் தின்றுகொண்டே போன வழி. வண்டு எள்ளைவிடச் சற்றுப் பெரியது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "மொளகுத் தூளு," என்று முடிவு சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை வண்டைக் காட்டினாலும் அவருக்கு எல்லாம் மிளகுத் தூள்தான். ஆனால் முள்முருங்கைக் கிளை எங்கே விழுந்தாலும் வெட்டிக்கொண்டு வந்து கொடுப்பதில் குறை வைக்கவில்லை.

ஜீவராணியும் அவளோடு வேலை பார்க்கிற றஷீனாவும் அந்த வண்டை, விவரிக்கப்பட்ட எல்லா வண்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளிநாட்டு நிபுணர்களுக்குப் படங்கள் அனுப்பினார்கள். எங்கும் எழுதப்படாத இனம் என்பது உறுதியானது. கட்டுரை முடிந்து, பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மலைநாட்டுப் பூச்சிகள் பலவற்றுக்கு அந்தக் காலத்துத் துரைமாரின் பெயர்கள் இருப்பதை அவள் படித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, ஒங்க பேர வைக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? விஜி புள்ளைக்கா?"

"வண்டுக்கு."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"தேயிலைக் கம்புல ஓட்ட போடுமே ஒண்ணு, அந்த எனமா இது?"

"அதுக்குச் சொந்தந்தாம்பா."

"அப்ப வேணாந் தாயி. நாளைக்கு மருந்து டின்னுல போடுவான், ரெங்கசாமியக் கொல்லுறதுக்கு இத்தன மூடின்னு. வாழ்நாள் பூரா தேயிலைய வெட்டி வளத்தவன், கடைசியில தின்னுட்டான்னு பேரு வாங்கணுமா?"

"அந்தப் பேரு விஜி புள்ளைக்குன்னு நான் நெனச்சிருக்கேன்," என்றாள் அம்மா, சட்டியைச் சுரண்டியபடி.

விஜி வயிற்றைத் தடவிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "ரெங்கசாமியா? நர்சரியிலயே சிரிப்பாங்கம்மா. நாங்க வேற பேரு பாத்து வச்சிட்டோம்."

"பாத்தியா!" அப்பா அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார். "புள்ளையும் வேணாங்குது. எம்பேருக்கு இருக்கிற மவுசு, பூச்சிகிட்டதான் போய்க் கேக்கணும் போல."

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்த வண்டு உயிருள்ள தேயிலையைத் தொடாது என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். தொட்டால் கூடாது.

அதைப் பார்க்க ஒரு வழி இருந்தது. அடுப்படிக்குப் பின்னால் அவரே மரச்சட்டம் அடித்துக் கொசுவலையால் கூடு கட்டினார். உள்ளே வண்டு ஏறிய முள்முருங்கைக் கட்டைகளையும், நாற்றுத் தவறணையிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வண்டு எதைத் தேடிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கன்றில் ஓட்டை இல்லையென்பது மட்டும் போதாது; அதே கூட்டில், அதே நாட்களில் கட்டைக்குள் வண்டு உயிரோடு குஞ்சு பொரித்திருக்கவும் வேண்டும். கட்டை காயாமலிருக்க அப்பா தினமும் காலையில் தண்ணீர் தெளித்தார்.

இறப்பதற்கு முந்தின நாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டதும் அதைத்தான்.

"கட்டையத் தொறந்தியா?"

"இன்னும் ரெண்டு கிழமை போகணும்பா. இப்பத் தொறந்தா ஒண்ணும் வெளங்காது."

"தேயிலையத் தொடலன்னா வச்சுக்க. தொட்டிருந்தா தோட்டத்துக் கணக்கப்புள்ள பேர வை."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். தாதி வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றாள். ஜீவராணி போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வேன் தெமோதரையைத் தாண்டி, தேயிலை மலைக்குள் ஏறுகிற சிறுபாதையில் திரும்பியபோதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. வீட்டு முன்னால் மரணாதாரச் சங்கத்தின் நீலத் தறப்பாள் கட்டியிருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளிலிருந்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். முதலில் அழுதபடி ஓடி வந்தவர்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியை இறக்கி, நடு அறையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தி, அம்மாவைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

குத்துவிளக்குக்கு எண்ணெய் எடுக்க ஜீவராணி அடுப்படிக்குப் போனாள். பின்கதவு திறந்திருந்தது. புகை உள்ளே வந்தது.

கூடு இருந்த இடத்தில் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றியிருந்தார்கள். கொசுவலை சுருட்டி வேலியில் தொங்கியது. தேயிலைக் கன்றுப் பைகளை வேலியோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒன்றை யாரோ மிதித்திருந்தார்கள். சுரேஸ் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பூனாகலைப் பக்கம். இந்த வீட்டுக்கு விசேஷத்துக்கு வந்து போகிறவன்.

"அக்கா, தேத்தண்ணி இந்தா கொதிச்சிரும். கட்டதான் சரியில்ல, ஒரே பொகை. மாமா இத எதுக்குக் கொசுவலை போட்டு மூடி வச்சிருந்தாருன்னு தெரியல. வேற வெறகு நனஞ்சி கெடந்திச்சி, அதான்."

கட்டைகளில் ஏறக்குறைய எல்லாம் கங்காகிவிட்டன. ஒன்று மட்டும் அடுப்பு வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நீட்டிக்கொண்டிருந்தது. உள்முனை பற்றியிருந்தது. வெளிமுனையில், பட்டையின் சின்னஞ்சிறு ஓட்டைகளிலிருந்து ஈரம் நுரைத்துக்கொண்டு வந்தது.

முன்பக்கத்தில் ஒரு லொறியில் மேலும் ஆட்கள் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அவர்களில் பலர் மலையில் வேலை முடித்து அப்படியே வந்தவர்கள். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது.

"சீனி இருக்கா சுரேஸ்?" என்று கேட்டாள் ஜீவராணி.

"இருக்குக்கா. சங்கத்துல குடுத்துட்டாங்க."

அவள் எண்ணெயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். விளக்கில் ஊற்றினாள். அம்மாவுக்கு எதிரே, சுவரோரம் உட்கார்ந்தாள். ஒருத்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கட்டிக் குடுக்காமப் போயிட்டாரே ஒங்கப்பன்," என்று அழுதாள். ஜீவராணி அவளுக்கு வசதியாகத் தோளைக் கொடுத்தாள்.

அம்மா திடீரென்று ஒப்பாரியை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன கட்ட எரியுது?"

யாருக்கும் விளங்கவில்லை. அம்மா ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி விளக்குத் திரியைப் பார்த்தாள்.

அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள்.

"அண்ணி, எந்திரிக்காதீங்க," முத்துமாரி அத்தை முந்தானையைப் பிடித்தாள். "தலமாட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது. எடுக்கிற வரைக்கும் நீங்கதான் இருக்கணும்."

"இந்தா வந்துர்றேன். நீ புடி." அத்தையின் கையை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, அம்மா பெண்களின் கால்களைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போனாள். ஜீவராணி பின்னால் ஓடினாள்.

சுரேஸ் மாமியாரைக் கண்டதும் பேயைக் கண்டவன்போல எழுந்து நின்றான். அம்மா குனிந்து, நீட்டிக்கொண்டிருந்த கட்டையை இழுத்து வெளியே போட்டாள். சுரேஸ் வாளியைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்தாதீங்க!" ஜீவராணி கத்திவிட்டாள். அன்றைக்கு அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "வெந்துபோயிரும்."

அம்மா கட்டையின் எரிகிற முனையை மண்ணில் தேய்த்தாள். அணையும்வரை தேய்த்தாள்.

பெரியண்ணன் மாமா சத்தம் கேட்டு வந்தார். "என்னக்கா இது? வெறகுக்குப் பஞ்சமா? நான் கொண்டாரச் சொல்றேன். நீங்க உள்ள போங்க, ஆளுக பாக்கிறாங்க."

"எரிக்கிறதுக்கா அந்த மனுசன் தெனம் தண்ணி தெளிச்சாரு?" என்றாள் அம்மா.

கட்டையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டியின் பக்கத்தில், தான் உட்கார்ந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"என்னா அங்கம்மா இது, பொணத்துக்குப் பக்கத்துல கட்ட?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க அழுங்க."

கிழவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். பெண்கள் பாதை திரும்பும் இடம் வரை போய் நின்றார்கள். தப்புச் சத்தம் மலைச்சரிவில் இறங்கித் தேயிலைக்குள் மறைந்தது. திரும்பி வந்ததும் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். பாய், தலையணை, மாலைகள், அவர் கடைசியாக உடுத்த சாரம் எல்லாவற்றையும் அத்தை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டையைக் கையில் எடுத்து நிமிர்ந்தாள்.

"இதையும் போட்டுறவா?"

"குடுங்க அத்த."

மஞ்சள் தண்ணீர் வாசலில் வழிந்து ஓடி முடியும்வரை ஜீவராணி கட்டையை வைத்துக்கொண்டு தறப்பாளுக்குக் கீழே நின்றாள். பதுளையிலிருந்து றஷீனா வந்திருந்தாள். ஈரக்காலோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் எரிஞ்சிட்டாம், சுரேஸ் சொன்னாரு."

"ஒண்ணு இருக்கு."

"ஒண்ட வச்சி நிச்சயமா ஒண்டும் சொல்லேலாது, ராணி. நான் ஒண்டு சொல்லட்டா? ஊர்ப் பேரை வச்சிடுவம். யாரிட்டயும் கேக்கத் தேவையில்ல. வண்டு தேயிலையத் திண்டாலும் திங்காட்டியும், பேருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே. பேர் வைக்கிற சட்டத்தில அப்பிடி எங்கயும் இல்ல."

"சட்டத்துல இல்ல. அப்பா சொன்னது."

றஷீனா தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து அடுப்புக் கற்களை அப்புறப்படுத்தி, சாம்பலை அள்ளி, வலையைத் திரும்பக் கட்டினார்கள். ஒடியாத கன்றுகளையும் ஒரே கட்டையையும் உள்ளே வைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் தெளித்தது யார் என்று ஜீவராணி கேட்கவில்லை. அவள் எழுந்து வரும்போது கட்டை ஈரமாகவே இருந்தது.

கருமாதி முடிந்து, உறவுக்காரர் எல்லோரும் போன பிறகு, பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக் கட்டையைத் திறந்தார்கள். விஜி கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுரேஸ் கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"அக்கா, அன்னிக்கே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஊருக்கெல்லாம் தேத்தண்ணி எப்படிக் குடுத்திருப்பீங்க?"

"அதுக்காக? ஒரு வார்த்த."

"கத்தி நல்லாத் தீட்டியிருக்கீங்க," என்றாள் ஜீவராணி.

கருகிய முனையில் பட்டை தூளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே கோடுகள் இருந்தன. கோடுகளுக்குள் ஒன்றும் இல்லை. அவள் கத்தியை மெல்ல நகர்த்தினாள். நடுப்பகுதியிலும் வெறும் தூள்தான். விஜி கதிரையிலிருந்து முன்னால் சாய்ந்தாள். அடுத்த துண்டுப் பட்டை முழுதாக உரிந்தது. உள்ளே நடுக்கோடு, அதிலிருந்து பிரிகிற கோடுகள், கோடுகளின் முடிவில் அரிசி நொய்யை விடச் சிறிய வெள்ளைப் புழுக்கள். ஒன்று வெயில் பட்டதும் வளைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, அப்போதுதான் உருமாறிய ஒரு வண்டு, நிறம் ஏறாமல், வைக்கோலுக்கும் தேனுக்கும் நடுவான நிறத்தில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.

அம்மா குனிந்தாள். "உசுரோட இருக்கா?"

"இருக்கும்மா."

சுரேஸ் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு கன்றுகள். ஜீவராணி ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். பார்த்ததை விஜியிடம் கொடுத்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். ஒரு கன்றிலும் ஓட்டை இல்லை.

"அப்பறம் என்ன?" என்றான் சுரேஸ். "மாமா சொன்னபடி வந்திருச்சி. பேர வைங்க."

ஜீவராணி கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டாள். "ஒரு கட்டையில பாத்தது இது. மத்தது இருந்திருந்தா பலமாச் சொல்லலாம். நடுவுல ஒரு நாள் கன்னுக வெளியில கெடந்திச்சி. தொடாதுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. தொடலன்னுதான் சொல்லலாம்." அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா கேட்டது நிச்சயமா."

அம்மா துணியின் மேலிருந்த பட்டைத் துண்டுகளை ஒன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நிச்சயமாத் தெரிஞ்சிக்கிட்டா அந்த மனுசன் என்னையக் கட்டுனாரு?"

விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, புள்ளைக்கு அந்தப் பேரு வேணும்னா…" என்று ஆரம்பித்தாள்.

"ஒன் புள்ளைக்கு ஒனக்குப் புடிச்ச பேர வை," என்றாள் அம்மா. பட்டைத் துண்டுகளை ஜீவராணியின் பக்கம் தள்ளினாள். "அவளோடதுக்கு அவ வைக்கட்டும்."

அந்தக் கிழமை முழுவதும் ஜீவராணி கட்டுரையைத் திருத்தினாள். கட்டையில் கிடைத்த வண்டு நிறம் ஏறும்வரை காத்திருந்து, அதையும் மாதிரிகளோடு சேர்த்தாள். நுண்ணோக்கியில் மறுபடியும் அளந்தாள். தலை உருண்டை, மேலிருந்து பார்த்தால் தெரியாது. நெஞ்சின் முன்பகுதி சொரசொரப்பு. இறக்கை மூடியில் குழிகள் வரிசையாக. பின்சரிவில் குறுகிய மஞ்சள் மயிர், நிமிர்ந்து நிற்கும். வாழும் இடம் என்ற தலைப்பின் கீழ், பட்ட முள்முருங்கைக் கம்பின் உட்பட்டை என்று எழுதி, உயிருள்ள தேயிலையில் இதுவரை காணப்படவில்லை என்று சேர்த்தாள். 'இதுவரை' என்ற சொல்லை ஒரு தடவை அடித்தாள். திரும்ப எழுதினாள்.

பெயர்க்காரணம் என்ற இடத்தில்தான் நேரம் போனது. றஷீனா மாதிரிக்குச் சில வரிகள் எழுதி அனுப்பியிருந்தாள். தந்தையின் நினைவாக, அன்பின் அடையாளமாக என்றெல்லாம் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜீவராணி கடைசியில் எழுதியது இது: 'இவ்வினத்தின் முதல் மாதிரி கிடைத்த வேலிக்கம்பை நட்டவர் ரெங்கசாமி. அவர் பெயரால்.'

மாதிரிகள் கொழும்பு நூதனசாலையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வண்டையும் முக்கோண அட்டை நுனியில் ஒட்டி, ஊசி குத்தி, கீழே பெயர்ச்சீட்டும், முதல் மாதிரிக்கு மட்டும் சிவப்புச் சீட்டும் வைத்து, பெட்டிக்குள் பஞ்சு அடைத்தாள். நூதனசாலைப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதினாள். 'மதிப்புக்குரிய ஐயா, இத்துடன் அனுப்பிவைக்கப்படும் மாதிரிகளைப் பெற்றுக்கொண்டு, பதிவிலக்கம் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைத் திறக்கையில் மூடியை மேல்நோக்கித் தூக்கவும்.' கையெழுத்துப் போட்டு மடித்தாள்.

"நானும் வர்றேன்," என்று அம்மா வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள்.

தெமோதரைத் தபால் கந்தோரில் கூட்டம் இல்லை. ஜீவராணி கடிதத்தை உறையிலிட்டு, மேசையிலிருந்த பசையால் ஒட்டி, விரலால் அழுத்திப் பார்சலின் மேல் சேர்த்துக் கட்டினாள். எழுதுவினைஞர் இளைஞன். பார்சலைத் தராசில் வைத்தான்.

"உள்ளுக்கு என்ன மிஸ்?"

"பூச்சி."

அவன் கையை எடுத்துவிட்டான். "உயிரோடயா?"

"இல்ல."

"உடையிற சாமானா?"

"உடையும்."

அவன் முத்திரைகளை ஒட்டினான். பதிவுச் சீட்டை எழுதினான். பிறகு, மற்றக் கடிதங்களுக்குக் குத்துகிற பழக்கத்தில் திகதி முத்திரையைத் தலைக்கு மேலே ஓங்கினான்.

"தம்பி," என்றாள் அம்மா. "மெதுவா."

ஓங்கிய கை நின்றது. அவன் அம்மாவின் சேலையைப் பார்த்தான். பிறகு முத்திரையைக் கீழே கொண்டுவந்து பார்சலின் மூலையில் வைத்து, பெருவிரலால் மட்டும் அழுத்தினான். எடுத்துப் பார்த்தால் பாதி வட்டம்தான் விழுந்திருந்தது. இன்னொரு தடவை வைக்கட்டுமா என்று நிமிர்ந்தான்.

"போதும்," என்றாள் அம்மா.

அவன் சாக்கின் வாயை விரித்து, உள்ளே கிடந்த கடிதங்களை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு கையாலும் பார்சலை இறக்கி வைத்தான்.